அவசரமாக விற்பவரைத் தேடி: தரகரா, தெருவில் நடப்பதா, வங்கி ஏலமா?

முதலில் ஒரு கணக்கு. திருச்சியில் 40 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3,60,000 ரூபாய் பத்திர ஆபீசிலேயே போய்விடும். தரகர் 2 சதவீதம் கேட்டால் இன்னொரு 80,000. பத்திரம் எழுதுபவருக்கு, லீகல் பார்க்கும் வக்கீலுக்கு, அப்புறம் பழைய வீடு என்றால் மோட்டார், வயரிங், மொட்டைமாடி ஒழுகல் என்று கைவைத்த இடமெல்லாம் செலவு. மார்க்கெட் விலையைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைத்து வாங்கினால்கூட அது முதலுக்கு மோசமில்லை என்ற அளவில்தான் நிற்கும், லாபம் என்று இன்னும் சொல்ல முடியாது.

அதனால்தான் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் "அர்ஜென்ட் பார்ட்டி யாராவது இருக்காங்களா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விற்றே ஆக வேண்டிய நிலையில் இருப்பவரிடம் பழைய வீடு வாங்கும் இந்த வேலையை நான் திருச்சியில் பதினொரு வருடமாகச் செய்துவருகிறேன். பெரிய அளவில் இல்லை, வருடத்துக்கு ஒன்று, சில வருடம் ஒன்றும் அமையாது. வேலைக்குப் போய்க்கொண்டே, விளம்பரத்துக்கு என்று பணம் ஒதுக்காமல் செய்வதால், எந்த வழியில் எவ்வளவு பணமும் நேரமும் போகிறது, எது உண்மையில் வீட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. "விற்கலாம் என்று இருக்கிறோம்" என்பவரும் "விற்றாகணும்" என்பவரும் ஒன்று இல்லை. கேட்டில் போர்டு மாட்டியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை முதல் வகை. நல்ல விலை வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் வாடகைக்கு விடலாம் என்று இருப்பார்கள், அவர்களோடு ஆறு மாதம் பேசினாலும் ஒரு லட்சம் இறங்காது. இரண்டாவது வகைக்கு ஒரு காரணம் இருக்கும், அதற்கு ஒரு தேதியும் இருக்கும். பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பெரியவர் இறந்து பிள்ளைகள் பங்கு பிரிக்க வேண்டும், வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது, ஆஸ்பத்திரிச் செலவு. ஆடி மாதத்தில் அட்வான்ஸ் வாங்கக்கூடத் தயங்கும் ஊர் இது, அந்த ஆடியிலும் மார்கழியிலும் ஒருவர் "வந்து பாருங்க, பேசி முடிச்சுடலாம்" என்று போன் செய்தால் அவருக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு மாதங்களில் நான் ஞாயிற்றுக்கிழமைகளை வேறு எதற்கும் கொடுப்பதில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம். எல்லாரும் முதலில் போவது தரகரிடம்தான். முன்பணம் ஒன்றும் இல்லை, முடிந்தால்தான் கமிஷன், அந்த வகையில் மலிவு. ஆனால் அவசர விற்பனை என்று பார்த்தால் தரகர் வழியில் ஒரு பெரிய குறை உண்டு. உண்மையான அவசர வீடு ஒரு தரகரிடம் வந்தால் அவர் முதலில் யாரைக் கூப்பிடுவார்? போன வருடம் சொன்ன தேதியில் கிரயம் முடித்து, கமிஷனைப் பேரம் பேசாமல் கொடுத்தவரைத்தான். புதிதாக வந்த உங்களை ஏழாவதாகவோ எட்டாவதாகவோ கூப்பிடுவார், அதுவும் முதல் ஆறு பேர் வேண்டாம் என்று சொன்ன பிறகு. இன்னொன்று, ஒரு வீடு உங்கள் காதுக்கு வரும்போது நடுவில் இரண்டு மூன்று தரகர்கள் சேர்ந்திருப்பார்கள், ஓனர் 36 சொன்னது உங்களுக்கு 39 ஆக வரும், மேல வைத்துச் சொல்வது என்று இதற்குப் பெயர். இதையெல்லாம் மீறி எனக்கு இரண்டு தரகர்கள் வேண்டும், இரண்டே இரண்டு பேர், இருபது பேர் இல்லை. அவர்கள் மூலமாக ஒரு வீடு முடித்தபோது, கிரயம் நடந்த அன்று சாயங்காலத்துக்குள் கமிஷன் அவர்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகு இப்போது நான் இரண்டாவது மூன்றாவது ஆளாகக் கூப்பிடப்படுகிறேன்.

இணைய தளங்கள், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாட்ஸ்அப் குரூப், நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரம், இதையெல்லாம் ஒரே வகையாக வைக்கிறேன். செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, நேரம்தான் கொட்டும். "ஓனர் போஸ்ட்" என்று இருப்பதில் பாதிக்குமேல் தரகர்கள், போட்டோவில் இருக்கும் வீடு போன மாதமே விற்றிருக்கும். புதிதாக வரும் விளம்பரத்துக்குப் பின்னால் ஓடாதீர்கள், அதற்கு ஏற்கெனவே இருபது பேர் போன் செய்திருப்பார்கள். நான் பழைய விளம்பரங்களைத்தான் பார்க்கிறேன். ஒரு நோட்டில் ஏரியா, சதுர அடி, கேட்ட விலை, தேதி என்று எழுதிவைப்பேன். நான்கு மாதம் கழித்து அதே வீடு மறுபடி வருகிறது, 52 லட்சம் 47 ஆகியிருக்கிறது, போட்டோவில் முன்பு இருந்த சோபாவும் டிவியும் இப்போது இல்லை, குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள் என்று தெரிகிறது. அப்போது கூப்பிட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். விளம்பரம் போட்ட முதல் வாரத்தில் "விலை ஃபிக்ஸட்" என்று போனை வைத்தவர், இப்போது அவராகவே "நீங்க எவ்வளவுக்குப் பார்க்கறீங்க சார்" என்று கேட்பார். வீட்டில் உட்கார்ந்தபடி தேடுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஆனால் இதை மட்டும் நம்பியிருந்தால் வருடத்துக்கு ஒன்று அமைவதே அதிகம்.

"வீடு வாங்கப்படும், உடனடி பணம்" என்று நீங்களே போர்டு வைப்பது, பிட் நோட்டீஸ் அடித்து பேப்பர் போடும் பையனிடம் கொடுப்பது, இதையும் செய்து பார்த்தேன். வந்த போன் எல்லாமே தரகர்களிடமிருந்துதான். வீட்டை விற்கும் நிலைக்கு வந்தவர், அந்த விஷயம் தெருவுக்குத் தெரியக்கூடாது என்றுதான் முதலில் நினைப்பார், சுவரில் ஒட்டிய நம்பருக்கு அவர் கூப்பிட மாட்டார்.

இப்போது நான் அதிகம் நம்பும் வழிக்கு வருகிறேன். ஒரு ஏரியாவைப் பிடித்துக்கொண்டு நடப்பது. அவ்வளவுதான், கேட்க எளிதாக இருக்கும், ஆனால் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

நான் பிடித்தது திருவெறும்பூர், காட்டூர் பக்கம். காரணம் பெல். அறுபதுகளின் நடுவில் உற்பத்தி தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ரிட்டயர் ஆகும் சமயத்தில் சுற்றுவட்டாரத்தில் இடம் வாங்கி வீடு கட்டினார்கள். சொந்தச் சம்பாத்தியம், ஒரே ஓனர், பத்திரம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், சென்னை, பெங்களூர், துபாய், அமெரிக்கா என்று போனார்கள், திரும்பி வரவில்லை. பெற்றோர் போன பிறகு அந்த வீட்டுக்கு ஒரு பூட்டு. வீட்டு வரி, கரண்ட் பில், மரக்கிளை பக்கத்து வீட்டில் விழுந்தது என்ற புகார், இவ்வளவும் போனிலேயே சமாளிக்கிறார்கள். இந்த மாதிரி ஏரியா ஒவ்வொரு ஊரிலும் இருக்கும். நெய்வேலி சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் வீடு கட்டிய பகுதிகள் கடலூர் மாவட்டத்தில், மில் வேலை பார்த்தவர்கள் கட்டியவை கோயம்புத்தூரில். உங்கள் ஊரில் முப்பது நாற்பது வருடம் முன்பு ஒரே காலத்தில் வீடு கட்டிய தலைமுறை எங்கே குடியேறியது என்று பாருங்கள். எதிர்மாறாக, பஞ்சப்பூர் பக்கம் நான் போவதே இல்லை. 2025 மே மாதம் புதிய பேருந்து முனையம் திறந்ததிலிருந்து அங்கே இடம் வைத்திருப்பவர் எல்லாரும் இன்னும் ஏறும் என்று காத்திருக்கிறார்கள், காத்திருப்பவரிடம் போய் என்ன பேசுவது?

நடக்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். காட்டூரில் ஒரு முக்குவீடு. கேட்டைச் சங்கிலியால் சுற்றி, பழைய சைக்கிள் பூட்டு ஒன்று போட்டிருந்தார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது, ஆனால் சாவித் துவாரத்தைச் சுற்றி மட்டும் எண்ணெய்க் கறை, அதாவது யாரோ எப்போதாவது வந்து திறக்கிறார்கள். முருங்கை மரம் ஒடிந்து காம்பவுண்ட் சுவர்மேல் சாய்ந்து, அப்படியே காய்ந்துபோயிருந்தது. சன்ஷேடு பெயர்ந்து கம்பி தெரிந்தது. கரண்ட் மீட்டரை எட்டிப் பார்த்தேன், விளக்கு எரிகிறது, கனெக்‌ஷன் இருக்கிறது, பில் கட்டுகிறார்கள். கைவிட்ட வீடு இல்லை, அக்கறை இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. நான் தேடுவது இந்தக் கலவையைத்தான். முழுக்கப் பாழடைந்து கிடக்கும் வீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வழக்கு இருக்கும்.

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். வீடு வாங்கும் எண்ணத்தில் கேட்பதாக முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன், ஒளித்துப் பேசினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். "தம்பி, அந்த அம்மா போய் இன்னும் வருசம் திரும்பல. மூணு பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு ஊரு. ஆவணியில தலைத் திவசத்துக்கு வருவாங்க, அப்ப வந்து பாருங்க, இப்ப போன் பண்ணி ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். நான்கு மாதம் காத்திருந்தேன். திவசம் முடிந்து மூன்றாம் நாள் போனேன், பெரிய பையன் பேசினார்.

அவர்கள் கேட்டது 45. எனக்குத் தெரிந்த மார்க்கெட் விலையும் அதை ஒட்டித்தான். 39-க்கு முடிந்தது. நான் சாமர்த்தியமாகப் பேசிவிடவில்லை, அவர்களுக்கு இருந்த தொல்லைகளை ஒவ்வொன்றாக என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பேரில் இருந்தது. வாரிசுச் சான்று வாங்கியிருந்தார்கள், ஆனால் பட்டா மாற்றவில்லை. வீட்டுக்குள் நாற்பது வருடச் சாமான், பீரோ, கட்டில், பரணில் பித்தளை. ஒரு பெண் துபாயில், அவர் வரமுடியாது, அவருக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அங்கிருந்து வர வேண்டும், இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும், கிரயத்தின்போது பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். வெளிநாட்டில் வசிப்பவருடைய பங்குக்கு வருமான வரியை வாங்குகிற நான்தான் பிடித்துக் கட்ட வேண்டும், அதற்குத் தனி விதிகள். இந்த ஓட்டத்தை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்துப் போட ஒரே ஒருமுறை வந்தால் போதும், வேண்டிய சாமானை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். ஆறு லட்சம் குறைந்ததற்கு இதுதான் காரணம். பித்தளை அண்டா ஒன்றைப் பிறகு அந்தப் பெண் கேட்டார், திருச்சிக்கு வந்த அவருடைய சித்தி பையனிடம் கொடுத்தனுப்பினேன்.

இந்த வழிக்குச் செலவு என்று பார்த்தால் பெட்ரோலும் டீயும்தான். ஆனால் பலன் வர ஒரு வருடமாவது ஆகும், முதல் ஆறு மாதத்தில் ஒன்றும் நடக்காது, அதில்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தெருவில் தகவல் வைத்திருப்பவர்கள் யார் என்பதும் போகப்போகத்தான் தெரியும். அயர்ன் வண்டிக்காரருக்கு எந்த வீட்டில் துணி குறைந்துவிட்டது என்று தெரியும். எலக்ட்ரீஷியன், பிளம்பர், பால் போடுகிறவர், பேப்பர் ஏஜெண்ட், இவர்கள் எல்லாரும் வீட்டில் நடப்பதை விளம்பரம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே அறிவார்கள். பத்திர எழுத்தர்களும் அப்படித்தான், பாகப்பிரிவினைக்கு வரைவு எழுதிக் கொடுக்கும்போதே அந்தக் குடும்பம் விற்கப் போகிறதா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். வாரிசுச் சான்றுக்கு எழுதிக்கொடுக்கும் இடத்திலும் அப்படியே. தகவல் சொன்னவருக்கு, கிரயம் முடிந்தால் ஒரு நியாயமான தொகையை முன்கூட்டியே சொல்லி, அதை மறக்காமல் கொடுத்துவிடுங்கள். ஆனால் அரசு அலுவலக ஊழியரிடம் காசு கொடுத்து யாருடைய ஆவணத்தையும் பார்க்கப் போகாதீர்கள், அது லஞ்சம், அதற்குத் தேவையும் இல்லை.

ஏனென்றால் பூட்டிய வீட்டின் ஓனர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்நாடு அரசின் டிஎன்ஜிஐஎஸ் வரைபடத்தில் இடத்தைத் தேடிச் சர்வே எண்ணைப் பார்க்கலாம், அந்த எண்ணை வைத்துப் பட்டா யார் பேரில் என்று இ-சேவைத் தளத்தில் பார்க்கலாம், அந்தச் சொத்தின்மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். முகவரி கிடைத்தால் நான் கையால் ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒட்டிப் போடுகிறேன். நான் யார், எந்தத் தெருவில் உங்கள் வீட்டைப் பார்த்தேன், விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள், இல்லாவிட்டாலும் முருங்கை மரம் சுவரில் சாய்ந்திருக்கிறது, ஆள் விட்டு வெட்டிவிடுங்கள், இவ்வளவுதான் இருக்கும். பத்துக் கடிதத்துக்கு ஒருவர் கூப்பிட்டால் பெரிது. ஆனால் கூப்பிடுகிற அந்த ஒருவரிடம் வேறு யாரும் போட்டிக்கு இருக்க மாட்டார்கள்.

வங்கி ஏலத்துக்கு வருவோம், இதைப் பற்றித்தான் எல்லாரும் ஆசையாகக் கேட்கிறார்கள். 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, கடன் கட்டாதவருக்கு வங்கி முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும், அப்புறம் சொத்தைச் சுவாதீனம் எடுத்து ஏலத்துக்கு விடும். பொதுத்துறை வங்கிகளின் ஏலங்களை ஒரே இடத்தில் பார்க்க பேங்க்நெட் தளம் இருக்கிறது. தேடும் செலவு சுத்தமாக இல்லை. ஆனால் வாங்கும் விதம் கடுமையானது. வழக்கமாகக் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம் முன்வைப்பு கட்டித்தான் கேட்கவே முடியும். ஏலம் உங்களுக்கு நின்றால், அந்த முன்வைப்பையும் சேர்த்து 25 சதவீதம் அன்றைக்கோ அடுத்த வேலைநாளிலோ, மீதி 75 சதவீதம் 15 நாளுக்குள். வங்கி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டலாம். கட்ட முடியாவிட்டால் கட்டிய பணம் போயிற்று. வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்கினால் 15 நாள் எதற்கும் போதாது.

இன்னொரு விஷயம், விளம்பரத்தில் "சிம்பாலிக் பொசெஷன்" என்று போட்டிருந்தால் வீட்டுக்குள் ஆள் இருக்கிறார்கள், வங்கி காகிதத்தில் மட்டும்தான் சுவாதீனம் எடுத்திருக்கிறது. "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையில் நிலுவையான வீட்டு வரி, கரண்ட் பாக்கி, உள்ளே இருப்பவரை வெளியேற்றும் பாடு எல்லாமே உங்கள் தலையில் வரலாம். கடன் வாங்கியவர் டிஆர்டி என்ற கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போனால் அதற்கும் காத்திருக்க வேண்டும். என் கருத்தில் 40 லட்சத்துக்குள் பணம் வைத்திருக்கும், மாதச் சம்பளக்காரருக்கு ஏலம் சரிவராது. ஒரு சொத்து இரண்டு வருடம் மாட்டிக்கொண்டாலும் தாங்கக்கூடியவர்களுக்கு மட்டும்தான் அது.

ஆனால் ஏலத்துக்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது, அதை ஏனோ யாரும் கண்டுகொள்வதில்லை. வங்கி சுவாதீனம் எடுத்தால் அந்த அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று தமிழ் நாளிதழில், போட வேண்டும். பொடி எழுத்தில் கட்டம் கட்டி வரும் அந்த அறிவிப்பில் கடன் வாங்கியவர் பேர், சொத்து விவரம், பாக்கித் தொகை எல்லாம் இருக்கும். ஏலத்துக்கு இன்னும் நாள் இருக்கும். அந்த வீட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய அவசரம் இருக்க முடியாது, ஏலம் போனால் விலையும் போகும், ஊரில் பேரும் போகும். அவரிடம் போய், வங்கியில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாமா என்று கேளுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவர் விற்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் வங்கியை விட்டுவிட்டு அக்ரிமென்ட் போடவே போடாதீர்கள். பாக்கித் தொகைக்கு நேராக அவருடைய கடன் கணக்குக்கே டிடி, மிச்சம் அவர் கைக்கு, மூலப்பத்திரம் உங்கள் வக்கீல் கைக்கு, அடமானத்தை ரத்து செய்யும் ரசீதும் கிரயமும் ஒரே நாளில். இதை ஒருமுறை செய்திருக்கிறேன். கிரயம் முடிந்து வெளியே வந்து அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் நின்றார். ஏலத்தில் போயிருந்தால் அவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது, இப்போது ஏழு லட்சம் கையில் நின்றது.

இங்கே நான் வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவசரத்தில் இருப்பவரிடம் வாங்குவதும், அவர் கழுத்தை நெரித்து வாங்குவதும் வேறு வேறு. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிறார் என்று தெரிந்து, பாதி விலைக்கு எழுதி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்து இருக்கிறது, அப்படி மாட்டியவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், வீட்டை விற்காமலே அவர் தப்பிக்க வழி இருக்கலாம். அதை மீறி விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்துத் தெருவில் என்ன விலைக்குப் போனது என்பதை அவருக்குக் காட்டிவிட்டு, அதிலிருந்து எவ்வளவு குறைத்துக் கேட்கிறீர்கள், ஏன் என்று சொல்லி வாங்குங்கள். காட்டூரில் எனக்கு வந்த மூன்றாவது வீடு, முதல் வீட்டை விற்ற குடும்பம் சொல்லி வந்தது.

மிகவும் குறைத்து வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரசு நிர்ணயித்த கைடுலைன் மதிப்பு 40 லட்சம் என்று இருக்கும் வீட்டை 33-க்கு வாங்கினால், முத்திரைத் தீர்வை 40-க்குத்தான். அதோடு நிற்காது, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுவதால் அந்த 7 லட்சத்தை உங்கள் வருமானமாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். விலை பேசும் முன்பே கைடுலைன் பார்ப்பது அதற்காகத்தான். மிச்சத்தை ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், வீடு நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கே தடை இருக்கிறது. வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் ஆதாயம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், அவசரம் என்ற சொல்லே சில சமயம் எச்சரிக்கை. ஒருமுறை ஒரு தரகர் மூலம் வந்த வீட்டுக்கு, நாளைக்கே வேறு ஆள் வந்துவிடுவார் என்ற பரபரப்பில் 50,000 டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, விற்பவருடைய தம்பி பாகம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார், தீர்ப்பு வருவதற்குள் தள்ளிவிடத்தான் அந்த அவசரம். பதிவு செய்யாத வழக்கு வில்லங்கத்தில் வராது. ஈகோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பேரைப் போட்டுத் தேடியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும், அதுவும் இலவசம். டோக்கன் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. இப்போதெல்லாம் ஏன் விற்கிறீர்கள் என்ற கேள்விக்கு விற்பவர், பக்கத்து வீட்டுக்காரர், தரகர் மூவரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் ஒரு ரூபாய் கொடுப்பேன். பூர்வீகச் சொத்து என்றால் பெண்பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்ப்பேன், "அக்கா ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்ற பேச்சை ஏற்பதில்லை. மனை என்றால் அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத மனை, 2016 அக்டோபர் 20-க்கு முன்பு மனையாகப் பதிவாகியிருக்காவிட்டால், பதிவே ஆகாது. மனைகளில் நான் பார்த்த பல "அவசர" விற்பனைகளுக்கு இதுதான் காரணம்.

இதில் எது உங்களுக்கு? உள்ளூரில் இருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒரு ஏரியா, நடை, கடிதம், கூடவே இரண்டு தரகர்கள். ஒரு வருடத்துக்குள் வாங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கே இருந்தால் நடை உதவாது, தரகரிடம் போய் மார்க்கெட் விலையைக் கொடுத்து வாங்குங்கள், அதில் தப்பில்லை. வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் பழைய விளம்பரங்களை நோட்டில் குறிக்கும் வழியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டை நேரில் பார்க்கவும் பக்கத்து வீட்டில் விசாரிக்கவும் நம்பிக்கையான ஒரு ஆள் ஊரில் இல்லாமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். முழுப்பணமும் கையில் இருக்கிறது, வக்கீல் ஒருவர் பழக்கம் என்றால், நாளிதழில் வரும் வங்கி அறிவிப்புகளைப் படிக்க ஆரம்பியுங்கள், ஏலத் தேதி போடும் முன்னால் வரும் அறிவிப்புகளை.

நடக்கத் தொடங்குகிறவர்கள் நானூறு ஐந்நூறு வீடுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு மேல் போனால் முகம் பழகாது. காலை ஏழு மணிக்குப் போங்கள், அந்த நேரத்தில்தான் வாசலில் ஆள் இருப்பார்கள். முதல் நாள் யாரிடமும் வீடு விலைக்கு வருமா என்று கேட்க வேண்டாம். பூட்டிய வீடுகளை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு, தெருமுனையில் அயர்ன் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.